பார்த்தால் ஒட்டாது, துண்டால் ஒட்டும்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: மெட்ராஸ் ஐ. என் கிளினிக்கிலும் அதே கதை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் 28 வருடமாகக் கண் பார்க்கிறேன். இப்போதெல்லாம் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசல் பெஞ்சில் கறுப்புக் கண்ணாடிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சரி, இந்த இதழை முழுக்கச் சிவந்த கண்ணுக்கே கொடுத்துவிடலாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். கண்புரை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கூட்டுக் குடும்பத்தில் ஏழு பேர். முதலில் கொழுந்தனாரின் மகனுக்குக் கண் சிவந்தது. "அவன் கண்ணை யாரும் பார்க்கக் கூடாது" என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமனார் மட்டும்தான் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனார், பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு மருந்தும் விட்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் எங்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது. மாமனாருக்கு மட்டும் வரவில்லை. பார்த்தவருக்கு வராமல் பார்க்காதவர்களுக்கு வந்தது எப்படி?
- வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறதம்மா. பார்ப்பதால் வரும் என்றால் முதலில் விழுந்திருக்க வேண்டியவர் உங்கள் மாமனார். அவருக்கும் முன்னால் நான். சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது சிவந்த கண்களை, அதுவும் ஸ்லிட் லாம்ப்பில் பெரிதாக்கி, ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

இந்த நோய் பரவுவது கையால். மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்வது பெரும்பாலும் அடினோ வைரஸ் செய்கிற வேலை. சில வருடங்களில் என்டெரோ வைரஸ், காக்ஸாக்கி வைரஸ் வகைகளும் கிளம்பும். நோய் வந்தவரின் கண்ணீரிலும் பீளையிலும் வைரஸ் கொட்டிக் கிடக்கும். பையன் கண்ணைக் கசக்குகிறான், அதே கையால் டிவி ரிமோட்டை எடுக்கிறான். அப்புறம் நீங்கள் ரிமோட்டை எடுக்கிறீர்கள், நெற்றி வியர்வையைத் துடைக்கிற சாக்கில் விரல் கண் ஓரத்தில் படுகிறது. அவ்வளவுதான். அடினோ வைரஸ் காய்ந்த பரப்பில்கூட நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கதவுக் கைப்பிடி, செல்போன், பாத்ரூம் குழாய், பேருந்துக் கம்பி எல்லாம் அதற்குத் திண்ணைதான்.

உங்கள் வீட்டுக் கொல்லைக் கொடியில் எத்தனை துண்டு தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் மாமனார்கள் வழக்கமாகத் தோளில் தனித் துண்டு போட்டிருப்பார்கள். முகம் துடைக்க அதைத்தான் எடுப்பார்கள், வீட்டில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். என் சந்தேகம் அந்தத் துண்டின் மேல்தான். மருந்து விட்டபின் கையையும் கழுவியிருப்பார்.

பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை எப்படி வந்தது என்பதையும் யோசித்திருக்கிறேன். தொற்றிய அன்றே கண் சிவப்பதில்லை. அடினோவாக இருந்தால் 5 முதல் 12 நாள் ஆகும். அத்தனை நாளுக்கு முன்னால் எந்தத் துண்டில் முகம் துடைத்தோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்? எதிரே சிவந்த கண்ணோடு வந்து நின்றவனின் முகம் மட்டும் நன்றாக நினைவிருக்கும். பழி அவன் பார்வை மேல் விழுந்துவிடும். கறுப்புக் கண்ணாடி போடுவது நல்லதுதான். கூச்சம் குறையும், கை சும்மா சும்மா கண்ணுக்குப் போகாது. அடுத்தவருக்கு அது கவசம் என்பது மட்டும் பொய்.

இனி யாருக்காவது வந்தால் செய்ய வேண்டியது: துண்டு, தலையணை, சோப்பு எல்லாம் அவருக்குத் தனி. தலையணை உறையைத் தினமும் மாற்றி, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போடுங்கள். கண்ணைத் துடைக்கத் துணி வேண்டாம், டிஷ்யூ காகிதமோ பஞ்சோ எடுத்து, துடைத்ததும் மூடியுள்ள குப்பைக்கூடையில் போட்டுவிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கொரோனா காலத்து சானிடைசர் பாட்டிலை நம்பி இருந்துவிடாதீர்கள். கொரோனா வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்புப் போர்வை இருந்தது, ஆல்கஹால் பட்டதும் அது கரைந்துபோகும். அடினோவுக்கு அந்தப் போர்வையே கிடையாது, ஆல்கஹாலுக்கு அவ்வளவு சுலபமாகச் சாகாது. அதைத் தேய்த்துத் தண்ணீரோடு கழுவி விடுவதுதான் வழி. இன்னொன்று, கோயிலில் தீபாராதனைத் தட்டு வரும்போது சுடரில் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, கண் சிவந்திருக்கும் நாட்களில் தூரத்திலிருந்து கும்பிட்டால் போதும். சாமி கோபித்துக்கொள்ளாது.

ஊருக்கு உபதேசம் செய்கிற எனக்கும் இதில் ஒரு பாவக் கணக்கு உண்டு. மேற்படிப்பு படித்த காலத்தில், ஒரு மருத்துவமனை ஓ.பி.யில், மெட்ராஸ் ஐ சீசனில் ஒரே காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் இமையைப் புரட்டிய விரலால் அடுத்தவர் இமையைப் புரட்டினேன். கை கழுவும் தொட்டி வராண்டாக் கோடியில் இருந்தது, போக நேரமில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம், கண்ணாடிப் பவர் பார்க்க மட்டும் வந்திருந்த ஓர் அம்மா திரும்பி வந்தார், இரண்டு கண்ணும் பழுத்த மிளகாய் மாதிரி. "நல்ல கண்ணோடதானே வந்தேன்" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது என் அறையில் தொட்டி மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் நடுவில் நான் கை கழுவுவதைப் பார்த்து "ரொம்ப சுத்தக்காரி" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நான் பிளஸ் டூ மாணவன். ஊர் பெயர் சென்னை என்று மாறிய பிறகும் நோய்க்கு மட்டும் ஏன் மெட்ராஸ் ஐ? வேறு ஊர்களில் இந்த நோய் இல்லையா?
- மாணவர், விழுப்புரம்

பதில்: ஊர் பெயர் 1996இல் மாறியது. ஊர் பேரில் ஒட்டிக்கொண்ட நோயை அரசாணை போட்டு மாற்ற முடியவில்லை, தம்பி.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை தெரியும் அல்லவா? 1819இல் தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனை என்ற பெருமை அதற்கு உண்டு. 1918 வாக்கில் சென்னையில் இந்தக் கண்நோய் பெரிய அளவில் பரவியது. அப்போது அங்கே பொறுப்பிலிருந்த கிர்க்பாட்ரிக் என்ற மருத்துவர், நோய் வந்தவர்களின் கருவிழியில் புள்ளி புள்ளியாக விழுவதைக் கவனித்து 1920இல் இங்கிலாந்துக் கண் மருத்துவ இதழில் எழுதினார். நோய்க்குச் சென்னையின் பெயர் நிலைத்துவிட்டது. நன்றாகக் கவனித்து எழுதி வைத்ததற்கு ஊருக்குக் கிடைத்த பரிசு இது! காரணமான அடினோ வைரஸை 1953இல்தான் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கிருமியைப் பார்க்காமலேயே அதன் கைவரிசையைத் துல்லியமாக வரைந்து வைத்திருக்கிறார் மனிதர்.

மற்ற ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1969இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ரத்தம் கட்டிச் சிவக்கும் ஒரு கண்நோய் கிளம்பியது. அது அப்போலோ 11 நிலவில் இறங்கிய சமயம். மக்கள் அதற்கு அப்போலோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது அகதிகள் கூட்டம் கூட்டமாகக் கல்கத்தா பக்கம் வந்தார்கள், கூடவே கண்நோயும். அங்கே அதன் பெயர் ஜொய் பாங்ளா (வங்கம் வெல்க), அதாவது போராளிகளின் முழக்கமே நோயின் பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு வந்தபோது கப்பல்தளக் கண் என்றார்கள். கண்ணில் விழுந்த இரும்புத்தூளை எடுக்க முதலுதவி அறைக்குப் போனவர்களுக்கு, அந்த அறையிலிருந்தே தொற்றியிருக்கிறது. வராண்டாக் கோடித் தொட்டிக்குப் போகாத நான் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறேன் போல.

கேள்வி: மெட்ராஸ் ஐ வந்தால் நான் மருத்துவரிடம் போவதில்லை. தெருமுனை மெடிக்கலில் சொன்னால் ஒரு சொட்டு மருந்து தருவார்கள், இரண்டே நாளில் சிவப்பு போய்விடும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த தடவைக்கும் எடுத்துக்கொள்வேன். என் மனைவி இது தப்பு என்கிறாள். யார் சொல்வது சரி?
- வாசகர், திருச்சி

பதில்: உங்கள் மனைவி சொல்வது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வைரஸால் வரும் மெட்ராஸ் ஐயைக் குணமாக்கும் சொட்டு மருந்து என்று எதுவும் கிடையாது. மூன்று, நான்கு நாள் ஏறி, ஒன்றிரண்டு வாரத்தில் தானாக இறங்கிவிடும். ஆன்டிபயாடிக் சொட்டு பாக்டீரியாவுக்குத்தான், வைரஸை ஒன்றும் செய்யாது. அப்படியானால் டாக்டர்கள் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கெட்டியான மஞ்சள் பீளை வந்து பாக்டீரியா என்று சந்தேகம் வந்தால் எழுதுவோம். ஆனால் வெறும் வைரஸுக்கும் எழுதுகிற வழக்கம் எங்களிடம் இருக்கிறது. ஒரு பாட்டில் எழுதாமல் அனுப்பினால் "அந்தம்மா ஒண்ணும் குடுக்கலையே" என்று அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுகிறார்கள். நான் இப்போது எழுதுவது பெரும்பாலும் செயற்கைக் கண்ணீர் சொட்டு. உறுத்தல் குறையும், கெடுதல் இல்லை.

உங்கள் பாட்டிலுக்கு வருவோம். இரண்டே நாளில் சிவப்பு மாயமாகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். எழுத்துக் கூட்டிப் பாருங்கள்: டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று "சோன்", "லோன்" என்று முடியும் பெயர் இருக்கும். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஒரே பாட்டிலில் விற்கிறார்கள். கண் சிவப்பது, வீங்குவது எல்லாம் கிருமியோடு உடம்பு போடுகிற சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது, கிருமியை அல்ல. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது குரைக்கிற நாயின் வாயைக் கட்டுகிற வேலை. தெருவில் சத்தம் அடங்கிவிடும், அவ்வளவுதான்.

உள்ளே இருப்பது சாதாரணத் திருடன் என்றால் பிழைத்தோம். போன தை மாதம் அறுவடை சமயத்தில் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், விவசாயி. கதிரடிக்கும்போது நெல் சுணை கண்ணில் பட்டிருக்கிறது. மறுநாள் சிவப்பு. ஊரில் நாலு பேருக்கு மெட்ராஸ் ஐ இருந்ததால் தனக்கும் அதுதான் என்று நினைத்து, உங்களை மாதிரியே பாட்டில் வாங்கி விட்டிருக்கிறார். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்ததாம். ஒன்பதாம் நாள் என்னிடம் வந்தபோது கருவிழியின் நடுவில் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளைப் புள்ளி, ஓரம் இறகு மாதிரி பிரிந்திருந்தது. பூஞ்சைப் புண். பயிர்பச்சையில் அடிபட்ட கண்ணில் இது நம் பக்கம் அடிக்கடி வரும். ஸ்டீராய்டு அதற்குப் பாய் விரித்துக் கொடுத்துவிடும். நேட்டமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டை மணிக்கு ஒரு தடவை விடச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பி, இரண்டு மாதம் போராடினோம். கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. தழும்பு நடுவில் நின்றுவிட்டது. கருவிழி மாற்று அறுவை சிகிச்சைக்குப் பதிந்து வைத்திருக்கிறார்.

ஹெர்பிஸ் வைரஸ் புண்ணும் அப்படித்தான், ஸ்டீராய்டு பட்டால் பரவும். புண் எதுவும் இல்லாதவர்களுக்கும் மாதக்கணக்கில் விட்டால் கண் பிரஷர் ஏறிக் கிளாக்கோமா வரலாம், கண்புரையும் சீக்கிரம் விழும். இந்த வகைக் கிளாக்கோமாவில் பெரும்பாலும் வலி இருக்காது, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும், போனது திரும்பாது. நீங்கள் எத்தனை வருடமாக இப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஒரு தடவை கண் பிரஷர் பார்த்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். திறந்து ஒரு மாதம் ஆன சொட்டு மருந்து, அளவு மிச்சம் இருந்தாலும், குப்பைதான். போன தடவை உங்கள் இமை முடியில் அதன் மூக்கு பட்டிருக்கும், வைரஸ் அதில் ஏறியிருக்கும். ஒருவருக்கு ஒரு பாட்டில், அதையும் கணவன் மனைவி பங்கு போடக் கூடாது.

கேள்வி: பேரன் பிறந்து 12 நாள் ஆகிறது. காலையில் கண் திறக்க முடியாமல் பீளை ஒட்டியிருக்கிறது, வெள்ளை விழியும் சிவப்பாக இருக்கிறது. தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் போதும் என்று சம்பந்தியம்மா சொல்கிறார். விடலாமா?
- ஒரு பாட்டி, தேனி

பதில்: விட வேண்டாம். பத்திரிகை அச்சாகி வரும் வரை காத்திருக்கிற கேள்வி இல்லை இது. அதனால் கடிதத்தைப் படித்த அன்றே ஆசிரியர் அலுவலகத்திலிருந்து உங்களுக்குப் போன் போடச் சொன்னேன். குழந்தைக்கு மருந்து ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேட்டு நிம்மதியானேன். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிறந்து ஒரு மாதத்துக்குள் கண் சிவந்து பீளை தள்ளினால் அதை மெட்ராஸ் ஐ என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பிரசவத்தின்போது தாயின் பிறப்புப் பாதையிலிருந்து தொற்றும் சில பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஓரிரு நாளில் கருவிழியையே துளைத்துவிடும். சொட்டு மட்டும் போதாமல் ஊசியோ வாய்வழி மருந்தோ தேவைப்படும். சில சமயம் அப்பா அம்மாவுக்கும் சிகிச்சை வேண்டும். யாரும் யாரையும் சந்தேகப்பட்டுச் சண்டை போடாமல், டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமுதம். கண்ணுக்குள் விட்டால் இனிப்புத் தண்ணீர், கிருமி வளர வசதி.

வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்து, ஒரு கண்ணில் மட்டும் நீர் ததும்பி, ஓரத்தில் கொஞ்சம் பீளை சேர்கிறதா? அது கண்ணீர்க் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டு, மூக்கை ஒட்டிய கண் ஓரத்திலிருந்து கீழ்நோக்கி விரலால் நீவிவிடும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். நகத்தை வெட்டிவிட்டு! பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அடைப்பு தானாகத் திறந்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் கண் சிவந்த பிள்ளைகளை எத்தனை நாள் வீட்டில் இருக்கச் சொல்வது? அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது.
- தலைமை ஆசிரியை, பெரம்பலூர்

பதில்: கண்ணில் நீர் வடிவதும் பீளையும் நிற்கும் வரை. சாதாரணமாக ஒரு வாரம் ஆகும், சிலருக்குக் கூடுதலாக. தொற்றும் தன்மை பத்து, பதினான்கு நாள் வரைகூட நீடிக்கலாம் என்பதால், திரும்பி வந்தாலும் பேனா, கைக்குட்டை பரிமாற்றம் வேண்டாம். தேர்வுக்கு வந்தே தீர வேண்டும் என்றால் தனி அறை, தனி பெஞ்சு, முடிந்ததும் பெஞ்சைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்பதை ஒரு முறை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள் அம்மா. பதிவேட்டில் இருக்கும், குழாயடியில் இருக்காது.

கேள்வி: மெட்ராஸ் ஐ வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சிவப்பு சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் இரவில் பைக் ஓட்டும்போது எதிர் விளக்கு எல்லாம் சிதறித் தெரிகிறது, படிப்பதும் கொஞ்சம் மங்கல். கண் போய்விடுமா என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், ஓசூர்

பதில்: போகாது. விழுப்புரம் தம்பிக்குச் சொன்னேனே, 1920இல் எழுதி வைத்த புள்ளிகள், அவைதான் உங்கள் கருவிழியில் இருக்கும். கிருமி போன பிறகும் அதன் எச்சங்களோடு உடம்பு மல்லுக்கட்டுவதால், இரண்டாவது வாரத்தில் இருந்து கருவிழியின் மேல்தோலுக்கு அடியில் நாணயம் நாணயமாகச் சின்னப் பொட்டுகள் விழும். மழைத்துளி பட்ட கண்ணாடி வழியே பார்ப்பது போல வெளிச்சம் சிதறும். பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ கரைந்துவிடும்.

பார்வையை ரொம்பத் தொந்தரவு செய்தால் நாங்கள் கொடுப்பது என்ன தெரியுமா? மேலே திட்டித் தீர்த்தேனே, அதே ஸ்டீராய்டு. மெதுவான வகை, குறைந்த அளவு, பிரஷரைப் பார்த்துக்கொண்டே, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து. சட்டென்று நிறுத்தினால் புள்ளிகள் திரும்ப வரும். அதனால்தான் அது டாக்டர் கையில் இருக்க வேண்டிய மருந்து. ஸ்லிட் லாம்ப்பில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதுவரை இரவு ஓசூர் மேம்பாலத்தில் பைக் வேண்டாம்.

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. காலையில் எழுந்தபோது ஒரு கண்ணின் வெள்ளையில் ரத்தம் கொட்டியது போல அடர்சிவப்பு. வலி இல்லை, பீளை இல்லை. இதுவும் மெட்ராஸ் ஐயா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: இல்லை. மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று வெடித்து, தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவது போலக் கட்டியிருக்கிறது. பலமாக இருமினாலோ, தும்மினாலோ, முக்கினாலோகூட வரும். பார்க்கத்தான் பயங்கரம். ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறையும். அப்பாவின் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அடிபட்டு வந்தது என்றால் மட்டும் உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. வருடா வருடம் சித்திரை, வைகாசியில் இரண்டு கண்ணும் சிவந்து அரிக்கும். கசக்கிக்கொண்டே இருப்பான். மெட்ராஸ் ஐ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை விளையாட விடுவதில்லை.
- வாசகி, கரூர்

பதில்: அரிப்புதான் இங்கே துப்பு. வைரஸ் கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தும், பாக்டீரியா ஒட்டும், அலர்ஜி அரிக்கும். வருடா வருடம் அதே காலத்தில், இரண்டு கண்ணிலும், அந்த வயதுப் பையனுக்கு, நூல் மாதிரி பீளையோடு வருவது பெரும்பாலும் வெயில்கால அலர்ஜி. யாருக்கும் ஒட்டாது. இந்தப் பக்கத்தை அடுத்த வீட்டில் படிக்கக் கொடுங்கள்.

கசக்குவதை நிறுத்தப் பாருங்கள், வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழியே கூம்பு மாதிரி பிதுங்கிவிடுகிற நோய் வரலாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் கண்மேல் வைப்பது அவனுக்குச் சுகமாக இருக்கும். அலர்ஜிக்கென்றே உள்ள சொட்டுகளை டாக்டர் தருவார். திருச்சி வாசகரின் பாட்டில்கள் அதிகமாகப் போவது இந்தப் பிள்ளைகளின் கண்ணுக்குத்தான் என்பது என் வயிற்றெரிச்சல். பள்ளிப் பையன்களுக்குக் கிளாக்கோமா வந்து பார்த்திருக்கிறேன். வயதுக்கு வரும் காலத்தில் இந்த அலர்ஜி பெரும்பாலும் அடங்கிவிடும், அதுவரை கண்ணைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.

கேள்வி: நந்தியாவட்டைப் பூ, பன்னீர், விளக்கெண்ணெய், தேன், வெங்காயச் சாறு. எங்கள் ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை விடலாம்?
- வாசகர், திருவண்ணாமலை

பதில்: வெங்காயச் சாறா! நறுக்கும்போதே அழுகிறோமே, போதாதா?

என் அம்மாச்சி நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்துக் கட்டுவார். ஜில்லென்று இருக்கும். மூடிய கண்மேல் எதை வைத்தாலும், அது சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால், எனக்குச் சண்டை இல்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியே அதைச் செய்துவிடும். கண்ணுக்குள் மட்டும் எதையும் விடாதீர்கள். பிழிந்தது, காய்ச்சியது, புட்டியில் அடைத்தது எதுவானாலும் அதில் கிருமி இல்லை என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. பீளையை நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள், அடுத்த கண்ணுக்கு அடுத்த பஞ்சு. வலித்தால் பாரசிட்டமால் போதும்.

கை வைத்தியமோ பாட்டிலோ, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றே கிளம்ப வேண்டிய நேரமும் உண்டு. பீளையைத் துடைத்த பிறகும் பார்வை மங்கலாக இருந்தால், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாவிட்டால், உறுத்தலைத் தாண்டி நல்ல வலி இருந்தால், கருவிழியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், கண்ணில் அடியோ சுணையோ சுண்ணாம்போ பட்டிருந்தால், கண் ஆபரேஷன் செய்து சில வாரமே ஆகியிருந்தால். இதில் ஒன்று இருந்தாலும் அது மெட்ராஸ் ஐ என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல், சளியோடு கண் சிவந்து, மேலெல்லாம் தடிப்பும் வந்தால் தட்டம்மையாக இருக்கலாம், தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். திங்கட்கிழமை கண் சிவந்துவிட்டது. பியூட்டி பார்லர் அக்கா, கலர் லென்ஸ் போட்டால் சிவப்பு தெரியாது என்கிறார். போடலாமா?
- மணப்பெண், நாகர்கோவில்

பதில்: இந்தக் கடிதம் எனக்கு வந்து சேர்ந்ததே கல்யாணத்துக்கு மறுநாள். வாழ்த்துகள்! லென்ஸ் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சிவந்த கண்ணில் லென்ஸ் போடுவது புண்ணின் மேல் பிளாஸ்டிக் ஒட்டுகிற மாதிரி. அதற்கு முன்பு போட்டிருந்த லென்ஸ் இருந்தால் டப்பாவோடு தூக்கிப் போட்டுவிடுங்கள். பழைய கண்மை, மஸ்காரா எல்லாவற்றுக்கும் அதே கதிதான். அந்தப் பார்லர் அக்காவின் பிரஷ் அன்றைக்கு வேறு யார் கண்ணில் பட்டது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் இதே நிலையில் இருக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். மை வேண்டாம், ஹோமப் புகை முகத்துக்கு நேரே வராதபடி மனையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், இடுப்பில் ஒரு டிஷ்யூ கட்டு செருகிக்கொள்ளுங்கள். கைகொடுக்க வருபவர்களுக்கு வணக்கம் போடுங்கள். மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லி, முகம் துடைக்க ஆளுக்கொரு துண்டு என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். போட்டோவில் சிவப்பைச் சரிசெய்ய இப்போது ஸ்டுடியோக்காரர்களுக்கு இரண்டு நிமிடம் போதும்.